எட்டுப் பாகம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு, ஆங்கில வழி. நான் சாத்தான்குளத்தில் தமிழ் வழியில் படித்தவள். அவளுடைய இயற்பியல் கணக்கு என்னிடம் வந்தால் முதலில் அதைத் தமிழுக்கு மாற்றிக்கொள்வேன், தமிழிலேயே போட்டு முடிப்பேன், பிறகு விடையைத் திரும்ப ஆங்கிலத்தில் ஏற்றி அவளிடம் கொடுப்பேன். அவள் "வெலாசிட்டி" என்று வாசித்தால் என் உதடு சத்தமில்லாமல் "திசைவேகம்" என்று அசையும். அதைக் கண்டுவிட்டால் போதும், கூடத்தில் இருக்கும் அப்பாவிடம், "அப்பா, டிவி சத்தத்தக் கொறைங்க. அம்மாவுக்கு டப்பிங் ஓடுது" என்பாள்.

பள்ளியில் நான் முதல் குரூப். கணிதம், இயற்பியல் எடுத்துப் படித்தவள் என்பதை வீட்டில் யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் இவள். பி.காமை அஞ்சல் வழியில், இவளை மடியில் போட்டுக்கொண்டு முடித்தேன். அதனால் எனக்குக் கணக்கு தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் குடித்தனம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விடை எழுதினாலும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, சின்ன எழுத்தில், "சரிபார்க்கவும்" என்று எழுதிவிடுவேன். யார் சரிபார்க்க வேண்டும் என்று எழுதுவதில்லை. மளிகைச் சீட்டிலும் அது வந்துவிடும். ஒருமுறை மில்லர்புரம் முக்குக் கடை அண்ணாச்சி என் சீட்டைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "இதுல எதம்மா சரிபாக்கணும்? மல்லியையா, என் தராசையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கடைக்கு வாயால் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் பள்ளி திறந்ததுமே மகள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் ரெண்டு தெரு தள்ளி ஒரு டியூஷனில் சேர்ந்துவிட்டார்களாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் எட்டு மணி வரைக்கும்.

"நீ சேரலையா?" என்றேன், சோற்றைக் கிண்டிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக.

"இந்தப் பாடம் முடியுத வரைக்கும் உன்கிட்டயே கேக்கேன்மா. சரிப்பட்டு வரலைன்னா போறேன்."

பாடத்தின் பெயர் பாய்மங்கள். நீர், அழுத்தம், மிதப்பு விசை. என்னை ஒரு பாடத்துக்குத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அவள் டியூஷன் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் பதினாலு வயதுப் பெண் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து பேச வேறு என்ன இருக்கிறது? பின்னலைத் தானே போட்டுக்கொள்கிறாள். சாப்பாட்டை ஒரு கையில் தட்டும் மறு கையில் போனுமாக முடித்துவிடுகிறாள். கணக்கு ஒன்றுதான் அவளை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தது. அதையும் ஆறிலிருந்து எட்டுக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது யூனிபார்ம் தேய்ப்பதுதான்.

அதனால் அவள் பள்ளிக்குப் போனபின் நான் படித்தேன். குக்கர் ஒரு பக்கம் விசில் அடிக்க, இன்னொரு பக்கம் போன் வீடியோவில் ஒருவர் அழுத்தம் பற்றிப் பாடம் நடத்துவார். அவர் வேகமாகப் பேசுவதால் ஓட்டத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். மனுஷர் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலிருக்கும். சாயங்காலம் அவள் கேட்கும்போது, எப்போதோ படித்தது இப்போது ஞாபகம் வருகிறது என்பது போலக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வேன். இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று.

அவர்களுடைய பிசிக்ஸ் சாருக்கு ஒரு வழக்கம். புத்தகத்தில் இருக்கிற கணக்கைக் கொடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை தானே ஒரு தாள் தயாரித்துக் கொடுப்பார். அதில் உப்பளத்துப் பாத்தி வரும், துறைமுகத்துக் கிரேன் வரும், கன்டெய்னர் லாரி வரும். அந்த வெள்ளிக்கிழமைத் தாளில் ஐந்து கணக்கு. மூன்றை அவளே போட்டுவிட்டாள். நாலாவதை என் முன்னால் தள்ளினாள்.

ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் இப்படி மாற்றிக்கொண்டேன்: கப்பல் வரும் கால்வாயின் ஆழம் பதினாறு மீட்டர். அதற்கு வெளியே கடலில் ஒருவர் சங்கு குளிக்க எட்டுப் பாகம் இறங்குகிறார். நீர் அவர்மேல் செலுத்தும் அழுத்தம் என்ன? கடல் நீரின் அடர்த்தி 1030.

எல்லாம் ஆங்கிலம், "பாகம்" மட்டும் தமிழ். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"பாகம்னா என்னம்மா?"

எங்கள் வீடு கடை வைத்த வீடு. அப்பாவும் சித்தப்பாவும் இரும்புக் கடையைப் பிரித்துக்கொண்ட வருஷம் முழுக்க நான் கேட்ட ஒரே சொல் பாகம்தான். என் பாகம், உன் பாகம், தெற்குப் பாகம். எனக்கா பாகம் தெரியாது?

"பாகம்னா பங்கு. எட்டுல ஒரு பங்குன்னு அர்த்தம்."

"எதுல எட்டுல ஒண்ணு?"

"அதான் மேல பதினாறு மீட்டர்னு குடுத்திருக்காரே. எதுக்குக் குடுத்திருக்காரு?"

நான் படித்த பள்ளியில் ஒரு கணக்கில் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும். மிச்சம் வைத்தால் கணக்கு தப்பு. பதினாறில் எட்டில் ஒரு பங்கு, இரண்டு. அவ்வளவு அழகாக வகுபடுகிற ஒன்று தப்பாக இருக்க முடியுமா?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கணவருக்கு போன் செய்தேன். அவர் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறார். ஆனால் சொந்த ஊர் விளாத்திகுளம்.

"ஏளா, பருத்திக்காட்டுல பொறந்தவன்கிட்ட கடல் கணக்கு கேக்கியே. எனக்கு டன்னுதான் தெரியும். பக்கத்துல யார்கிட்டயாவது கேளு."

கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். கேட்கவில்லை. திரும்பி வந்து, எழுத்துச் சுத்தமாக, படிப்படியாகப் போட்டேன். 1030 பெருக்கல் 9.8 பெருக்கல் 2. விடை 20188 பாஸ்கல். அடியில் இரண்டு கோடு. பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், வழக்கம்போல.

மகள் பார்த்தாள். "ரெண்டு மீட்டரா? அவ்வளவு கொஞ்சமாவாம்மா முங்குவாங்க?"

"கணக்குல கேட்டதுக்குப் பதில் எழுது. கேக்காதத யோசிக்காத" என்றேன். என் வாத்தியார்கள் என்னிடம் சொன்னது. எனக்கே பிடிக்காமல் இருந்தது. எப்படி அப்படியே வந்ததோ தெரியவில்லை.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதோடு முடிந்திருக்கும். சனிக்கிழமை காலையில் அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா வாட்ஸப்பில் கேட்டாள்: "அக்கா, நாலாவது கணக்கு உங்க மக போட்டுட்டாளா? இங்க டியூஷன் லீவு. ஒரு போட்டோ போடுங்களேன்."

டியூஷன் போகிற பிள்ளைக்கு என் கணக்கு. அந்த சந்தோஷத்தில், மகளுடைய நோட்டைத் தேடக்கூட இல்லை, நான் போட்ட தாளையே படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் இன்னொருத்தி நன்றி சொன்னாள். அவளை எனக்குத் தெரியவே தெரியாது. ஞாயிறு ஆராதனையில் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் கும்பிடு போடுகிற கைகள். பிரசங்கம் நடந்துகொண்டிருக்க, அடர்த்தியை 1030 என்று போட்டேனா 1020 என்று போட்டேனா என்று ஒரு பயம் வந்து, பாட்டுப் புத்தகத்துக்குள் போனை மறைத்து வைத்துப் பார்த்தேன். 1030 என்றுதான் இருந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடி ஜெபித்தேன்.

திங்கள் சாயங்காலம் மகள் வந்தாள். ஷூவைக் கழற்றினாள். இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். அவள் அப்படி வைப்பதில்லை.

"நாலாவது கணக்கு தப்பு."

"உனக்கு மட்டுமா?"

"கிளாஸ்ல பாதிப் பேருக்கு. எல்லாருக்கும் ஒரே தப்பு. ரெண்டு மீட்டர்."

நான் தண்ணீர் எடுக்கப் போனேன். தாகம் எனக்குத்தான்.

"சார் என்ன சொன்னாரு?"

"ரெண்டு மீட்டர்ல ஒருத்தன் சங்கு குளிச்சான்னா, அவன் கையத் தூக்குனா வெரலு வெளிய தெரியும்லா, நாம வள்ளத்துல இருந்தே கை குடுத்துத் தூக்கிவிட்டுரலாமேன்னு கேட்டாரு."

"கோவமா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான். பெறகு மூணு நோட்டுல 'சரிபார்க்கவும்'னு இருந்துச்சு." என்னைப் பார்க்காமல் சாக்ஸை உருட்டினாள். "அதுல ஒருத்திக்குத் தமிழ் வாசிக்க வராது. அவ அம்மா போட்டோவப் பாத்து வாசிச்சு சொல்ல, இவ இங்கிலீஷ் எழுத்துல எழுதிருக்கா. பாஸ்கலுக்கு அடுத்தாப்ல. அதுவும் யூனிட்டுன்னு நெனச்சிட்டாளாம்."

நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார் எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிச்சாரு. 'இருபதாயிரத்து நூத்தி எம்பத்தெட்டு பாஸ்கல் சரிபார்க்கவும். புது யூனிட்டா இருக்கே, யாரு கண்டுபிடிச்சது'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாதான் என்று சொல்லிச் சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எனக்காக அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புதன்கிழமைக்குள் திரும்பப் போட்டு வரச் சொல்லியிருந்தார். பாகம் என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டு வாருங்கள் என்றிருக்கிறார்.

"புதன்கிழமை இது முடியட்டும்மா. வியாழக்கிழமையில இருந்து நான் டியூஷன் போறேன்." கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

கணவர் வந்ததும் விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். "ஏளா, கடலையும் உங்கப்பா கடை மாதிரி பாகம் பிரிச்சுக் குடுத்துட்டியா? கெழக்குப் பக்கம் யாருக்கு?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

செவ்வாய்க்கிழமை மீன்காரி வந்தாள். கடற்கரைத் தெருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, எங்கள் தெருவில் அலுமினியச் சட்டியோடு இறங்குவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். வருஷக்கணக்காகச் சாளை வாங்கியிருக்கிறேன், மீனைத் தவிர அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எட்டுப் பாகம்னா எவ்வளவு?" என்றேன். கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, ஏதோ ரகசியம் கேட்பது போல.

"என்னக்கா, கடல்லயா?" சட்டியை இறக்கி வைத்தாள். இரண்டு கையையும் அகல விரித்தாள். செதில் ஒட்டிய விரல்கள் எங்கள் கேட்டின் இரண்டு பக்கத்தையும் தொடப் பார்த்தன. "இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் ஒரு பாகம். கயித்த இப்பிடி விரிச்சு விரிச்சுத்தான் அளப்பாவ. எட்டு தடவ விரிச்சா எட்டுப் பாகம்."

அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். தையல் டேப்பை எடுத்துவந்து அவளை அளந்தேன். நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். பூனை ஒன்று சட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் கையை மடக்காமலே காலால் அதை விரட்டினாள்.

இத்துடன் நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒன்று ஆரம்பித்துவிட்டது. இவள் குள்ளம். இவள் கையால் அளந்தால் ஓர் அழுத்தம், உயரமானவன் அளந்தால் வேறு அழுத்தம். எதைப் போடுவது?

"உங்க வீட்டுல சங்கு குளிக்கப் போறவங்க இருக்காங்களா?"

"எந்தம்பி போறான்."

"அவன் என்ன உயரம் இருப்பான்?"

அவள் கையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க்கா, பொண்ணு பாக்கியளா? அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டு."

விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும், இரண்டு மீட்டர் உட்பட. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மீன் கையோடு. பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, மில்லர்புரத்து அக்கா ஒண்ணு கேக்காவ. பாகம்னா எத்தன அடி?"

"எதுக்கு? முங்கப் போறாவளா?"

"கேட்டதச் சொல்லுல."

"ஆறடி. ஆளாளுக்குக் கை மாறும்லா, அதான் ஆறடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருக்கோம்."

எனக்கு வந்த சந்தேகம் கடலில் இருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது, அவர்கள் முடிச்சுப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் நானே போனுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன்: "தம்பி, எட்டுப் பாகத்துல எப்படி இருக்கும்?"

"காத ரெண்டையும் புடிச்சுத் திருகுனாப்ல இருக்கும்க்கா. மூக்கப் பொத்திக்கிட்டுக் காத்தத் தள்ளணும். மறந்துட்டோம்னா அன்னைக்குப் பூரா வலிதான். இதெல்லாம் பரீட்சைக்குக் கேப்பாங்களா?"

அன்று தேவைக்கு மேல் சாளை வாங்கினேன்.

சாயங்காலம் மகள் வந்து உட்கார்ந்ததும் கணக்கை எடுக்கவில்லை. "எனக்கு பாகம்னா என்னன்னு தெரியாம இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். பாடம் தொடங்கி அன்றைக்குத்தான் அவளிடம் தெரியாது என்ற சொல்லைச் சொன்னேன். பிறகு மீன்காரியின் கை, டேப், பூனை, முடிச்சு, காது எல்லாம் சொன்னேன்.

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நீயா கேட்ட? மீன்காரக்காகிட்டயா? வாசல்ல நின்னா?"

"ம்."

"தம்பி என்ன உயரம்னு வேற கேட்டிருக்க." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பாவை எழுப்பிக் கையை விரிக்கச் சொல்லி அளந்தாள். என்னை அளந்தாள். பிறகு சுவரோடு ஒட்டி நின்று, தன்னை அளக்கும்படி டேப்பை என்னிடம் நீட்டினாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அளவு. அதை நான் இரண்டு முறை பார்த்தேன்.

பிறகு அவளே போட்டாள். ஆறடி ஏறக்குறைய ஒன்று புள்ளி எட்டு மீட்டர். எட்டுக்குப் பதினான்கு புள்ளி நான்கு. விடை ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். பதினாறு மீட்டரை அவள் தொடவே இல்லை. அது சும்மா கிடந்தது, எனக்குத்தான் உறுத்தியது. கீழே இரண்டு வரி கூடுதலாக எழுதினாள், காது பற்றி. நான் பென்சிலோடு கையை நீட்டினேன். நோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வேண்டாம். எனக்குத் தெரியும் நீ என்ன எழுதப் போறன்னு."

புதன்கிழமை அவள் வரும்போது நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை மூன்று முறை மடித்தேன்.

"சரியா?"

"சரி. காது வலிக்கும்னு எழுதிருக்கியே, யாரு சொன்னான்னு கேட்டாரு. எங்கம்மா கேட்டுட்டு வந்தாங்கன்னு சொன்னேன்."

துண்டை நாலாவது முறை மடித்தேன்.

"அப்பிடியே அந்த ரெண்டு மீட்டரும் அம்மாதான்னு சொல்லிட்டேன்."

"ஐயோ."

"எல்லாரும் சிரிச்சாங்க. சாரும்தான். உங்கம்மா பரவால்லன்னு சொன்னாரு."

எந்த அர்த்தத்தில் பரவாயில்லை என்று கேட்க நினைத்துத் துண்டை ஐந்தாவது முறை மடித்தேன்.

வியாழக்கிழமை டியூஷனுக்கென்று நீள நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கடமை என்று ஒன்று இருக்கிறதே. ஐந்தரைக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் அந்த நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் பிசிக்ஸ் என்று எழுதினாள். பையிலிருந்து, சார் இந்த வாரம் ஒரு நாள் முன்னதாகவே கொடுத்திருந்த புதிய தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாள். அடுத்த பாடம், ஒளி.

"இதுல உனக்குத் தெரியாத வார்த்தை எதாவது இருக்கான்னு மொதல்ல பாரு."

இரண்டு முறை வாசித்தேன். இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"டியூஷன் ஆறு மணிக்குல்லா?"

"இன்னும் நேரம் கெடக்கு" என்றாள், கடிகாரத்தைப் பார்க்காமலே.

அவளே முதல் கணக்கைப் போட்டாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளில் டியூஷனுக்குப் போகிற சத்தம் கேட்டது. ஆறு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது, நான் பார்த்தேன், சொல்லவில்லை. அவள் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். பிறகு அதன் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சின்னதாக ஏதோ எழுதி நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"சறிபார்க்கவும்" என்று இருந்தது.

ரி வர வேண்டிய இடத்தில் றி. விடையை மூன்று முறை சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அந்த எழுத்தை மட்டும் பென்சிலால் மெதுவாகத் திருத்தினேன்.